புள்ளியக்காவின் பயம்

அந்த ஊரில் பெரிய புள்ளிகள் நிறையப் பேர் உண்டு. சின்னப் புள்ளி ஒருத்திதான். காலையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பித்தளைக் குழாய்களை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, ஒழுகாதவற்றின் அடிப்பக்கத்தில் நீலச் சாயத்தால் ஒரு புள்ளி வைப்பவள். அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஊருக்கு அவள் புள்ளியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கேட்டால் சின்ன வேலைதான். குழாயை இறுக்கி மூடி, பின்பக்கம் காற்று ஹோஸை மாட்டி, தண்ணீரில் முக்க வேண்டும். எங்காவது மயிரிழை அளவு வழி இருந்தாலும் குமிழி வந்து காட்டிக் கொடுத்துவிடும். வந்தால் ஒதுக்கி வைப்பாள். வராவிட்டால் புள்ளி. பிரஷ்ஷால் வைத்தால் நேரமாகும் என்று இடதுகைச் சுண்டுவிரலைச் சாயத்தில் தொட்டு வைப்பாள். அந்த விரலின் நுனியில் குறுக்கே ஒரு பழைய தழும்பு; நகம் எப்போதும் நீலமாகவே இருக்கும். கல்யாண வீடுகளில் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

அவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையும் அதுதான். தான் புள்ளி வைத்து அனுப்பிய குழாய், எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி பாத்திரம் கழுவி முடித்துப் படுத்த பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுகுவதாக அவளுக்குக் கனவு வரும். எழுந்து போய்த் தன் வீட்டுக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி படுப்பாள். வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுபவர். கேலி பேசாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. "நீ பயப்படறதுக்குத்தான் இந்த ஊரே உனக்குக் கூலி குடுக்குது. தைரியசாலியா பொறந்திருந்தா வேலை போயிருக்கும்" என்பார். கேலிதான். ஆனால் அந்த மனிதர் வாயிலிருந்து அபூர்வமாக வந்த நியாயமான பேச்சும் அதுதான்.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு தெருவில் உருக்கி வார்ப்பார்கள். அடுத்த தெருவில் கடைவார்கள். அதற்கடுத்ததில் பாலிஷ், ஆற்றோரம் முலாம், சந்தைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி. காலையில் கட்டியாக வந்திறங்கும் பித்தளை, ஊர் எல்லையைத் தாண்டாமலே பளபளக்கும் குழாயாகிப் பெட்டிக்குள் போய்விடும். நெடுஞ்சாலை கூப்பிடு தூரம். கரண்ட் போவது அபூர்வம். இந்த ஊரில் குழந்தை நடக்கப் பழகும்போதே ஸ்பேனர் பிடிக்கப் பழகிவிடும் என்று சங்கத் தலைவர் மேடைக்கு மேடை சொல்வார். பாதி நிஜம், பாதி தலைவர்.

ஊரின் உண்மையான பலத்தை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அது கைமாத்து. மற்ற ஊர்க்காரர்கள் பணத்தைக் கைமாத்தாக வாங்குவார்கள். இவர்கள் ஆளை வாங்குவார்கள். ஒரு பட்டறைக்கு அவசர ஆர்டர் வந்துவிட்டால் பக்கத்துப் பட்டறை தன் வேலையை நிறுத்திவிட்டு ஆளை அனுப்பும். தேவைப்பட்டால் மெஷினையே கழற்றி அனுப்பும். அதற்கு வாடகை கிடையாது, எழுத்து கிடையாது. இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேரும் ஊர் என்று பெயர் வாங்கியது இப்படித்தான். புள்ளியக்காவின் தொட்டியும் அதே கதை. எந்தப் பட்டறைக் குழாயானாலும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் மறைத்தார்கள் என்றால், ஒரு தடவை சூடு பட்டதுதான் காரணம். முன்பு முதலீடு செய்ய வந்த ஒரு ஆசாமி, "ஒருத்தர்கிட்டயும் எல்லாம் முழுசா இல்லையே? இரவல்ல நடக்குற ஊரா இது?" என்று சிரித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். தலைவருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

இந்த முறை வருவது இன்னும் பெரிய கம்பெனி. ஊர் எல்லையில் தொழிற்சாலை கட்டப் போகிறார்கள்; அதற்கு வேண்டிய குழாய்களை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே வாங்கப் போகிறார்கள். பார்த்து முடிவு செய்ய ஒரு மேடம் வருகிறாள். மூன்று பட்டறைகளைக் காட்டுவது என்று சங்கத்தில் பேசி முடிவானது. ஒன்று தலைவருடையது, ஒன்று ஆற்றோரத்துப் பட்டறை, மூன்றாவது புள்ளியக்காவின் தம்பியுடையது.

தம்பி பட்டறை போட்டு அதிக நாளாகவில்லை. இருந்ததையெல்லாம் இரண்டு கடைசல் லேத்தில் கொட்டியிருந்தான். இந்த ஆர்டர் கிடைத்தால் நிமிர்ந்துவிடுவான். கிடைக்காவிட்டால் லேத்தை விற்றுவிட்டு, விட்டு வந்த பழைய முதலாளியிடமே தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்க வேண்டும். அவன் பெயர் பட்டியலில் வந்த அன்றே புள்ளியக்காவுக்குப் பயம் ஆரம்பித்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு பட்டறையிலும் சொந்தமாகச் சோதனைப் பகுதி இருப்பதாகக் காட்ட வேண்டும் என்றார் தலைவர்.

"தொட்டி ஆளுக்கு ஒண்ணு செஞ்சிடலாம் தலைவரே. புள்ளியக்காவுக்கு எங்க போறது?" என்றார் ஆற்றோரத்துக்காரர்.

"ஒரு ஆளு போதும்யா. முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் தொப்பி, இடத்துக்கு ஒரு கலர் கோட்டு. மேடம் முன்வாசல் வழியா வரும்போது இவங்க பின்சந்து வழியா போயிடலாம்."

"வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் புள்ளியக்கா.

"உனக்கு எப்பக்கா பயமில்லாம இருந்துச்சு?" என்றது ஒரு குரல். கூட்டமே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

மேடம் வந்தாள். ஒல்லியான உருவம், நரையோடிய குட்டை முடி, கூடவே பை தூக்க ஓர் உதவியாள். தலைவர் அடைபடாத குழாயாகக் கொட்டிக்கொண்டே வந்தார். சாலை வசதி, தண்ணீர் வசதி, திறமையான ஆட்கள், வேலைநிறுத்தம் என்ற வார்த்தையே அறியாத ஊர். மேடம் தலையை ஆட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அவள் யார் முகத்தையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். தலைவர் பட்டறையில் வெள்ளைக் கோட்டும் மாஸ்க்குமாகத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புள்ளியக்காவின் கைகளையும் பார்த்தாள். தட்டிலிருந்து புள்ளி வைத்த குழாய் ஒன்றை எடுத்து உதவியாளிடம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

தலைவர் தேநீர் கொடுத்து இழுத்தடித்த நேரத்தில் புள்ளியக்கா வீட்டுக்காரரின் வண்டியில் ஏறிவிட்டாள். பெட்டிகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து உன்னைக் கடத்திக்கிட்டுப் போகணும்னு ஆசை. இன்னைக்குத்தான் வாய்ச்சுது" என்றார் அவர் முன்னாலிருந்து. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றோரத்தில் பச்சைக் கோட்டு. அங்கே மேடம் தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள்.

"ரொம்ப நாளா இந்த வேலைங்களா?"

கேள்வி வரும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "ஆமாங்க" என்றாள்.

"இங்கேயேவா?"

"இந்த ஊர்லதாங்க."

பொய்யில்லாமல் தப்பித்துவிட்டதாக நினைத்தாள். மேடம் அங்கேயும் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி பட்டறையில்தான் வினை காத்திருந்தது. காற்றுக்கான கம்ப்ரசர் பக்கத்துப் பட்டறையிலிருந்து கைமாத்தாக வந்தது. ஸ்விட்ச் போட்டதும் இரண்டு சுற்றுச் சுற்றி, பெல்ட் அறுந்து சுவரில் போய் விழுந்தது. இன்னொரு பெல்ட் கேட்டு ஓடிய ஆள் திரும்பவில்லை. தெருமுனையில் கார் திரும்புவது தெரிந்தது. தட்டில் தம்பி அடுக்கி வைத்திருந்த குழாய்கள் புள்ளியில்லாமல் மொட்டையாகக் கிடந்தன.

"அக்கா, புள்ளியை வை."

"காத்து இல்லையேடா."

"எல்லாம் என் கையால பாத்துப் பாத்துக் கடைஞ்சது. ஒழுகாது. வை அக்கா."

"சோதிக்காம வைக்க மாட்டேன்டா. என்னால முடியாது."

"கார் வந்துடுச்சு. என் வாழ்க்கை போயிடும் அக்கா."

அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. சுண்டுவிரலைச் சாயத்தில் தொட்டாள். ஒன்று, இன்னொன்று, அடுத்தது என்று வைத்துக்கொண்டே போனாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவசரத்தில் ஒரு புள்ளிகூட வட்டமாக விழவில்லை.

மேடம் உள்ளே வந்தபோது இரண்டு லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. புள்ளியக்கா சாம்பல் கோட்டில், காற்றில்லாத ஹோஸை மாட்டி, குழாயைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊதாத பலூனில் ஓட்டை தேடுகிற வேலை. குமிழி எப்படி வரும்? மேடம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"முடிஞ்சுது அக்கா! நீ இல்லன்னா நான் இல்ல" என்று தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கையை உருவிக்கொண்டு, கிளம்பிய காரையே பார்த்தாள். அந்தக் குழாய் ஒழுகினால்? இவ்வளவு பெரிய கம்பெனி, இவ்வளவு தூரம் வந்து, இந்த ஊரில் எடுத்துக்கொண்டு போவது ஒழுகுகிற குழாய் என்றால்? ஊரே அவள் முகத்தில் காறித் துப்பாதா? தம்பியின் கதி? அன்று வீட்டில் அவள் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. வீட்டுக்காரர்கூடக் கேலி பேசாமல் எழுந்து போனார். அவர் பேசாதது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் கூட்டம். முடிவு சொல்லப் போகிறார்கள் என்று ஊரே திரண்டுவிட்டது. புள்ளியக்கா வாசலையொட்டி, வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தம்பி முன்வரிசையில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

மேடம் மூன்று குழாய்களையும் மேஜைமேல் தலைகீழாக நிறுத்தினாள். நீலப் புள்ளிகள் மேலே தெரிந்தன.

"மூணு பட்டறை, மூணு சோதனைப் பகுதின்னு காட்டினீங்க. மூணு புள்ளியிலயும் குறுக்கால ஒரே வெள்ளைக் கோடு ஓடுது. விரல்ல ஒரு தழும்பு இருக்கணும். இது ஒரே ஆளு வச்ச புள்ளி."

போட்டிருந்த கோட்டை மாற்றினார்கள், தொப்பியை மாற்றினார்கள், வாசலையே மாற்றினார்கள். விரலை மாற்ற வேண்டும் என்று இத்தனை கெட்டிக்காரர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"அவங்க இங்க இருக்காங்களா?"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விசுவாசம் ஊருக்கு இருந்தது. ஓடிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாசல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கால் அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டது.

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்" என்றாள் மேடம். குரலில் கோபமில்லை. "இந்த மூணையும் சோதிச்சுத்தான் புள்ளி வச்சீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதோடு தீர்ந்துவிடும். முன்வரிசையில் தம்பியின் பிடரி மட்டும் தெரிந்தது. அவன் திரும்பவில்லை. அவனுக்காகப் பயமாக இருந்தது. ஊருக்காகவும்தான். ஆனால் அந்தப் பயங்களுக்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் இருந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தி, தன் வீட்டில், அந்தப் புள்ளியை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறாள். இத்தனை வருடமாகப் புள்ளியக்காவை அந்தத் தொட்டி முன்னால் உட்கார வைத்திருந்தது அந்தப் பயம்தான்.

"ரெண்டு சோதிச்சேங்க" என்றாள். "அந்த ஓரத்துல, புள்ளி கோணலா இருக்கறது... சோதிக்கல."

மேடம் அந்த மூன்றாவது குழாயைக் கையில் எடுத்தாள்.

"நேத்து சாயங்காலமே நாங்க சோதிச்சுப் பாத்துட்டோம். மூணும் ஒழுகல. இதுவும்தான்."

புள்ளியக்கா ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதுவே உண்மையாகப் போயிருக்கும். வீட்டுக்காரர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானா..."

"நான்தான் சொன்னேன்." தம்பி எழுந்து நின்றான். "அக்கா மாட்டேன்னாங்க. நான்தான் கெஞ்சி வைக்க வச்சேன்." சொல்லிவிட்டு உட்காரவில்லை. நின்றபடியே இருந்தான்.

மேடம் குழாயை மேஜைமேல் திரும்ப வைத்தாள். "ஒரே ஆளு எல்லா பட்டறைக்கும் சோதிக்கிறது ஒரு குறையே இல்லை. நேத்து ஊர்ல விசாரிச்சேன்: ஆளு இல்லாதவனுக்கு ஆளு, மெஷின் இல்லாதவனுக்கு மெஷின். இப்படி ஒரு ஊரைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். அதைப் போய் ஒளிச்சு வச்சீங்களே! தொழிற்சாலை இங்கதான் வருது. சோதனை எல்லாம் இந்தம்மா தொட்டியிலதான் நடக்கணும். ஆனா, சோதிக்காத குழாயில புள்ளி வச்சு என் கையில குடுத்த பட்டறைகிட்ட நான் வாங்க முடியாது. ரெண்டு பட்டறை போதும்."

தலைவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே தம்பி வாசலைப் பார்த்து நடந்தான். அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினான். கோபமா வெட்கமா தெரியவில்லை, முகத்தைத் தூக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் எங்கேயோ போய்விட்டது. எல்லையில் இரும்புத் தூண்கள் எழுந்தன. லாரிகள் வரிசை கட்டின. காலியாகக் கிடந்த வீடுகளுக்கு வாடகைக்கு அடிதடி. புள்ளியக்காவின் அறையில் இன்னொரு தொட்டி வந்தது, சொந்தமாகக் கம்ப்ரசர் வந்தது. முகத்துக்கு நேரே பாராட்டியவர்கள் முதுகுக்குப் பின்னால், "கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சுட்டுக் காத்து வாங்குறா பாரு" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

அவளுக்குப் பயம் இரட்டிப்பாகியது. குமிழி வராத குழாயைக்கூட மறுபடி முக்கிப் பார்த்தாள். வெளியே பைக் சத்தம் கேட்டால் தம்பியோ என்று கை நின்றுவிடும். வந்தால் என்ன சொல்லுவான் என்று பயம். வராமலே இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம். சந்தைப் பக்கம் புதிதாக ஒருத்தன் சோதனைத் தொட்டி போட்டிருந்தான். தம்பியின் குழாய்கள் இனி அங்கேதான் போகும் என்று ஊரில் பேச்சு.

ஒருநாள் தம்பியின் மனைவி வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெட்டி. இறக்கி வைத்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவன் நல்லா இருக்கானா?" என்று புள்ளியக்கா தொட்டியைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒரு லேத்தை வித்தாச்சு அண்ணி. இன்னொண்ணு ஓடுது. சில்லறை ஆர்டர்தான்." பெட்டியைத் தொட்டியோரம் தள்ளினாள். "சந்தைக்காரன் வீட்டுக்கே வந்து கேட்டான். பாதிக் கூலிக்குப் பாத்துத் தர்றேன்னான்."

"அப்புறம்?"

"இவர் இங்க வரமாட்டாராம். ஆனா அக்கா பாக்காத குழாய் ஒண்ணுகூடப் பட்டறையை விட்டு வெளிய போகக் கூடாதாம்."

புள்ளியக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து முதல் குழாயை எடுத்தாள். மூடினாள், ஹோஸை மாட்டினாள், முக்கினாள்.

கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அவளுக்கு உயிரே போய்விட்டது. பெட்டியில் முதல் குழாய். தம்பி பொண்டாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழாயைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும் முடியாமல், உள்ளேயே வைத்திருக்கவும் முடியாமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"தனியா எடுத்து வைங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டே. "அடுத்ததைப் பாருங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."